ஃப்ரீரனின் தாழ்ந்த குரல்: நடிப்பின் குறையா, கதையின் தேவையா?

பட்டர்வொர்த் ரசிகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ‘ஃப்ரீரன்’ என்ற அனிமேத் (ஜப்பானிய அசைவூட்டத்) தொடரின் முதல் பருவம் முழுவதையும், அதாவது 28 பகுதிகளையும், பினாங்கில் நானும் சில கூட்டாளிகளும் ஒன்றாக அமர்ந்து மறுபடி பார்த்து முடித்தோம். அதன்பின் எழுந்த சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த, நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப் இனத்து மந்திரவாதியான நாயகி ஃப்ரீரன் மகிழ்ச்சியையும் துயரத்தையும் ஒரே சுருதியில்தான் பேசுகிறாள் என்றும், அவளுக்குக் குரல் கொடுத்த அட்சுமி தனேசாகி வசனத்தை வாசித்தாரே தவிர நடிக்கவில்லை என்றும் கூட்டாளிகளில் பாதிப்பேர் அடித்துச் சொல்கிறார்கள்.

இந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ‘ஸ்பை ஃபேமிலி’ தொடரில் துள்ளிக் குதிக்கும் ஆன்யா என்ற சிறுமிக்கும் இவரே குரல் கொடுத்திருப்பதால், ஏற்ற இறக்கம் இவருக்கு வராது என்று சொல்ல வழியில்லை. ஆகவே அந்தத் தாழ்ந்த குரல் தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவு. என் கேள்வி வேறு. அந்த முடிவு கதைக்குக் கடைசிவரை உதவுகிறதா? முதல் பாதியில் உதவுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 18ஆம் பகுதியில் தொடங்கும் முதல்தர மந்திரவாதித் தேர்வுக்கு வந்த பிறகு, அதே குரல் பொருளை இழந்து வெறும் பழக்கமாகிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

செந்தூல்வாசி எழுதியது:

தம்பி, மகள் பார்ப்பதால் அனிமே பார்க்கத் தொடங்கியவன் நான். மற்றபடி தோட்டத்தில் வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த தலைமுறை. அந்த நாடகங்களில் கதவு திறப்பதையும் கண் கலங்குவதையும்கூடக் குரலாலேயே காட்ட வேண்டியிருந்ததால், நடிகர்கள் எதையும் சற்று மிகையாகத்தான் பேசினார்கள். திரையில் முகம் தெரியும்போதும் அதே மிகையை நாம் எதிர்பார்ப்பதுதான் உங்கள் கூட்டாளிகளின் மனக்குறைக்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒலிவாங்கிக்கு அருகில் தாழ்ந்து பேசுவது எளிதான வேலையும் அன்று. கத்தும்போது மறைந்துவிடும் மூச்சின் தடுமாற்றம், தாழ்ந்து பேசும்போது அப்படியே கேட்டுவிடும்.

முதல் பகுதியில் வரும், ஃப்ரீரனின் பழைய பயணத் தோழனான வீரன் ஹிம்மலின் இறுதிச் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இவள் முகத்தில் துயரமே இல்லையே என்று கூடியிருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். பத்து ஆண்டுகள் மட்டுமே உடன் பயணம் செய்த ஒருவரைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லத் தொடங்கிய வாக்கியத்தின் நடுவிலேயே அவள் குரல் உடைகிறது. அதுவரை அந்தக் குரல் அசையாமல் இருந்ததால்தான் அந்த உடைவுக்கு மதிப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் பெரும்பாலும் படத்துக்குப் பிறகு குரலைப் பதிவு செய்வதே வழக்கம் என்றாலும், பதிவின்போது படம் பல நேரங்களில் கோட்டோவியமாகவே இருக்கும். 1988இல் வந்த ‘அகிரா’ படத்தைப் போல வசனத்தை முதலில் பதிந்து அதற்கேற்ப வாயசைவை வரைவது அங்கே அரிது. முகபாவம் முழுமையாக வரையப்படாத நிலையில், இந்த இடத்தில் எவ்வளவு அடக்கினால் போதும் என்று கணிப்பவரை நடிக்கத் தெரியாதவர் என்று எப்படிச் சொல்வது?

ஆயர் ஈத்தாம் மாணவி எழுதியது:

ஐயா சொல்வதை ஏற்கிறேன். வானொலி நாடகத்தின் மிகை இன்றைய அனிமேயிலும் இருக்கிறது. ‘டீமன் ஸ்லேயர்’ அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. எதிரியின் தாக்குதல் எப்படிப்பட்டது, தன் உடலில் எங்கே வலிக்கிறது, அடுத்து வாள்வீச்சுக்கான எந்த மூச்சு முறையைக் கையாள வேண்டும் என்று நாயகன் தஞ்சிரோ சண்டைக்கு நடுவிலும் மனத்துக்குள் பேசிக்கொண்டே இருக்கிறான். மூலமான மங்காவின், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையின், அசையாத பக்கத்தில் அந்த விளக்கம் தேவைப்பட்டது. தொடரைத் தயாரித்த யூஃபோடேபிள் நிறுவனம் அவ்வளவு தெளிவாக அசைத்துக் காட்டிய பிறகும் அதை அப்படியே வைத்திருப்பது கதைசொல்லலின் சோம்பல் என்றே நான் கருதுகிறேன். தஞ்சிரோவுக்குக் குரல் கொடுத்த நட்சுகி ஹனாயே உயிரைக் கொடுத்துப் பேசியிருக்கிறார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவரது உழைப்பில் பெரும்பகுதி நம் கண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்ததை அறிவிப்பதிலேயே செலவாகிறது. அதே தொடரில், வாயில் மூங்கிலைக் கவ்வியபடி ஒரு சொல்லும் பேசாமல், வெறும் முனகலாலேயே அகரி கித்தோ தஞ்சிரோவின் தங்கை நெசுக்கோவை நம் மனத்தில் பதிய வைத்துவிடுகிறார்.

‘ஃப்ரீரன்’ பேசாமல் விடவேண்டியதைப் பேசாமல் விடுகிறது. 14ஆம் பகுதியில் ஹிம்மல் மண்டியிட்டு அவள் விரலில் மோதிரம் அணிவிக்கும் நினைவுக்காட்சியில், அந்த மோதிரத்தின் பொருள் அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அங்கே அவள் உருக்கமாக ஒரு வரி பேசியிருந்தால் காட்சியே கெட்டிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

தேர்வுக் கட்டத்தைப் பற்றி அண்ணன் கேட்டதற்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் பாத்திரங்கள் அளவுக்கு மீறி வந்து குவிகின்றன என்பது உண்மை. டென்கன் என்ற முதியவரைத் தவிர அவர்களில் யாரும் என் மனத்தில் நிற்கவில்லை. ஆனாலும் குரல் அங்கே பொருளிழக்கிறது என்பதை ஏற்க மாட்டேன். நிலவறையில் ஃப்ரீரனுக்கு எதிராக அவளது நகலே வந்து நிற்கிறது. அந்த நகல் வாய் திறப்பதே இல்லை. உணர்ச்சியே இல்லாதவள் என்று நாம் எண்ணியிருந்தவளுக்குப் பக்கத்தில் உண்மையிலேயே உணர்ச்சியற்ற ஒன்றை நிறுத்திய பிறகுதான், தன் மாணவி ஃபெர்னிடம் அவள் பேசும் சாதாரணப் பேச்சில் எத்தனை பரிவு இருந்தது என்பது புலப்படுகிறது. அவளது பலவீனம் எது என்பதை அருகிலேயே வளர்ந்த ஃபெர்ன் அறிந்திருக்கிறாள் என்பதும் அங்கேதான் வெளிப்படுகிறது.

10ஆம் பகுதியில் ஆரா என்ற அரக்கியை நோக்கி உன்னையே கொன்றுகொள் என்று அவள் கட்டளையிடும் காட்சியையும் நினைத்துப் பாருங்கள். வேறொரு தொடராக இருந்தால் நாயகி அங்கே முழங்கியிருப்பாள். தனேசாகியோ காலை உணவுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் அதே குரலில் அதைச் சொல்லிவிட்டு நகர்கிறார். எனக்கு அச்சமூட்டியது அதுதான்.

பட்டர்வொர்த் ரசிகன் எழுதியது:

நகலைப் பற்றிச் சகோதரி சொன்னது நான் யோசிக்காத கோணம், அதற்கு நன்றி. ஆனால் என் குறை இன்னும் தீரவில்லை. அந்தத் தாழ்ந்த குரல் தம்புராவைப் போன்றது. மேலே ஒருவர் பாடினால்தான் அதன் அருமை தெரியும். முதல் பாதியில் அப்படிப் பாடியவர், நொபுஹிகோ ஒக்கமோட்டோவின் தன்னம்பிக்கை ததும்பும் குரலில் நினைவுகளில் வந்துபோன ஹிம்மல். தேர்வு தொடங்கிய பிறகு அந்த நினைவுகள் குறைகின்றன. அவருக்குப் பதிலாக வரும் தேர்வாளர்களில் பெரும்பாலோர் அவளைப் போலவே அடங்கிய குரலில் மந்திர நுணுக்கங்களை விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். எனவே பழியைத் தனேசாகி மீது போடாமல், எதிர்க்குரல் இல்லாமல் அவரை நிறுத்திய திரைக்கதையின் மீதுதான் போடுவேன்.

ஆயர் ஈத்தாம் மாணவி எழுதியது:

திரைக்கதை என்று சொல்வதைவிட மூலக்கதை என்று சொல்லுங்கள், அண்ணா. தேர்வுக் கட்டத்தின் அமைப்பு யமதா கனெஹிதோ எழுதிய மங்காவிலேயே அப்படித்தான் இருக்கிறது. தொடரை இயக்கிய சைத்தோ கெய்ச்சிரோ அங்கே சண்டைகளை நீட்டி அழகுபடுத்தினாரே ஒழிய, பாத்திரங்களின் எண்ணிக்கையில் கை வைக்கவில்லை. இன்னொன்று, உங்கள் கூட்டாளிகள், புதையல் பெட்டி வடிவில் ஏமாற்றும் பூதத்தின் வாயில் அவள் தலைகீழாகச் சிக்கிக்கொண்டு, இருட்டாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று அலறும் காட்சிகளை எப்படி மறந்தார்கள்? ஒரே சுருதியில் பேசுகிறாள் என்பவர்களுக்கு முதலில் அவற்றைத்தான் போட்டுக் காட்ட வேண்டும்.