விசிறி சாமியார் பத்தி அம்மா பேசின கேசட், ஃபங்கஸ் புடிச்சிருக்கு, உதவி வேணும்

திருவண்ணாமலை யோகி ராம்சுரத்குமார், அதான் விசிறி சாமியார், அவர்கிட்ட கிடைச்ச அனுபவங்கள அம்மா 1996ல ஒரு 90 நிமிஷ கேசட்ல பேசி வச்சாங்க, அம்மா இப்ப இல்ல, வேற காப்பியும் இல்ல.

1985ல அவரோட சன்னதி தெரு வீட்டுக்கு அம்மா வாழைப்பழத்தோட போயிருக்காங்க. கையில கொட்டாங்குச்சியும் பனை விசிறியுமா அவர் சிரிச்சுக்கிட்டே உக்கார வச்சுட்டாராம், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சா "இந்தப் பிச்சைக்காரனோட இன்னும் கொஞ்ச நேரம் இரு"ன்னு சொல்லி அதே பழத்துல ஒன்ன உரிச்சு குடுத்தாராம். பஸ் போயிடுச்சு, அடுத்த பஸ்ஸுக்கு நின்ன எடத்துல பதினோரு வருஷமா பேச்சுவார்த்தையே இல்லாத எங்க மாமா எதிர்ல வந்து நின்னாரு. இத அம்மா சொல்றப்ப குரல் உடையும், அந்த எடம் பி சைடுல இருக்கு.

போன மாசம் பீரோவுல இருந்து எடுத்தேன். டேப் ஓரமெல்லாம் வெள்ளையா பவுடர் மாதிரி, போட்டா ரெண்டு நிமிஷம் ஓடுது, அப்புறம் கீச்சுன்னு சத்தம் வந்து இழுத்து இழுத்து நின்னுடுது. ரெண்டு பிளேயர்ல பார்த்தாச்சு, ஹெட்ட ஸ்பிரிட் வச்சு தொடச்சேன், பென்சில் விட்டு சுத்தி டேப்ப டைட் பண்ணேன், ஸ்க்ரூ கழட்டி வேற நல்ல கேசட் கூட்டுக்கும் டேப்ப மாத்தினேன், அதே கதைதான். கடைக்காரர் ஒருத்தர் சூடு காட்ட சொன்னாரு, பயந்து செய்யல. டேப் இன்னும் அறுகல, அதனால இப்ப தொடாம வச்சிருக்கேன்.

குரல் அழியாம இந்த ஃபங்கஸ எடுத்து ஒரு தடவையாவது முழுசா ஓட்டி கம்ப்யூட்டர்ல ஏத்த என்ன செய்யணும்?