டேப் லைப்ரரியை சர்வருடன் இணைத்தால் டிரைவ் தெரிகிறது, சேஞ்சர் தெரியவில்லை

பிரிக்ஃபீல்ட்ஸ்_எடிட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் சின்ன வீடியோ தயாரிப்பு நிறுவனம் எங்களுடையது. கல்யாணம், கோயில் திருவிழா, அவ்வப்போது ஓர் ஆவணப்படம் என்று பல வருடமாக எடுத்தது எல்லாம் சேர்ந்து இப்போது 80 டிபி கிட்ட வந்துவிட்டது. எல்லாம் ஒரே சர்வரில், டெபியன் லினக்ஸ், இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். டிஸ்க் போனால் ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு) காப்பாற்றும், சர்வரே போனால் ஒன்றும் இல்லை என்பதால் டேப்புக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம்.

பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் 24 ஸ்லாட் லைப்ரரி (டேப்புகளை அடுக்கி வைத்து ரோபோவால் மாற்றும் பெட்டி) ஒன்று கிடைத்தது, உள்ளே எல்டிஓ-8 (எல்டிஓ டேப் வகையின் எட்டாம் தலைமுறை) அரை உயர டிரைவ் ஒன்று, எஸ்ஏஎஸ் (டிஸ்க், டேப்பைச் சர்வருடன் இணைக்கும் முறை) இணைப்பு. சர்வரில் ஏற்கனவே இருந்த ரெய்டு கார்டின் வெளி போர்ட்டில் கேபிளைச் செருகினேன். லினக்ஸில் டேப் டிரைவ் வருகிறது, ஆனால் டேப்பை எடுத்து வைக்கும் ரோபோ, அதாவது மீடியா சேஞ்சர், பட்டியலிலேயே இல்லை. லைப்ரரியின் முன் பேனலில் அழுத்தினால் ரோபோ ஒழுங்காக நகர்ந்து டேப்பை டிரைவுக்குள் வைக்கிறது, அதனால் இயந்திரம் கெட்டிருக்காது என்று நினைக்கிறேன். ரோபோவுக்குத் தனியாக இன்னொரு கேபிள் வேண்டுமா? பின்பக்கம் நெட்வொர்க் போர்ட் ஒன்று இருக்கிறது, அதுதான் வழியா?

இன்னொன்று, பேக்கப்பை வேறு ஒரு பிசியில் வைத்து ஆபீஸ் நெட்வொர்க் வழியாக ஓட்டலாமா? எங்கள் நெட்வொர்க் 1 கிகாபிட்.

பாயான்_லெப்பாஸ்_வாசி:

தனி கேபிள் வேண்டாம். இந்த அளவு லைப்ரரிகளில் பெரும்பாலும் ரோபோவுக்கான கட்டளைகளும் டிரைவின் அதே எஸ்ஏஎஸ் கேபிள் வழியாகத்தான் போகும். ஒரே முகவரியில் இரண்டு சாதனம் உட்கார்ந்திருக்கும், அவற்றைப் பிரித்துக் காட்டும் உள் எண்தான் லன்: டிரைவ் லன் 0, சேஞ்சர் லன் 1. நீங்கள் பார்த்த நெட்வொர்க் போர்ட் லைப்ரரியின் நிர்வாகப் பக்கத்தைப் பிரவுசரில் திறக்க மட்டும், பேக்கப் டேட்டா அதில் போகாது.

என் சந்தேகம் முழுக்க அந்த ரெய்டு கார்டு மேல்தான். ரெய்டு கார்டு டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கச் செய்தது. டேப்பைப் பல கார்டுகள் கண்டுகொள்ளவே செய்யாது. சில, டிரைவை மட்டும் காட்டிவிட்டு லன் 1-ஐ விட்டுவிடும், உங்களுக்கு நடப்பது அதுவாக இருக்கலாம். இன்றைக்கு ஏதோ செய்து ஓட்டினாலும் நாளைக்கு நடு இரவில் பாதி டேப்பில் நின்றுவிடும், அதை நம்பி வேலையை வைக்காதீர்கள். சாதாரண எச்பிஏ கார்டு (ரெய்டு இல்லாமல் சாதனத்தைச் சர்வருடன் இணைக்க மட்டும் செய்யும் கார்டு) ஒன்று போடுங்கள், ஐடி மோட் ஃபர்ம்வேர் (சாதனங்களை அப்படியே சர்வருக்குக் காட்டும் மென்பொருள்) உள்ளது. எல்எஸ்ஐ 9300-8இ மாதிரி ஒன்று போதும், பழையதாக வாங்கினால் விலையும் அதிகமில்லை. கோலாலம்பூரின் லோயாட் கணினி மால் பக்கம் தேடினால் இந்த மாதிரி சாமான் கிடைப்பது அபூர்வம், ஆன்லைனில் பாருங்கள். வாங்கும்போது கேபிளையும் கவனியுங்கள்: அந்தக் கார்டில் இருப்பது எஸ்எஃப்எஃப்-8644 வகை போர்ட், அரை உயர எல்டிஓ-8 டிரைவின் பின்னால் பெரும்பாலும் எஸ்எஃப்எஃப்-8088 வகை இருக்கும், அதனால் கேபிளின் இரண்டு முனையும் வேறு வேறு. நீளம் இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும்.

கார்டு மாற்றுவதற்கு முன் இலவசமாகப் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. லைப்ரரியின் நிர்வாகப் பக்கத்தில் அந்த டிரைவுக்கு "கண்ட்ரோல் பாத்" (ரோபோவுக்கான கட்டளைகள் போகும் வழி) இயங்குகிறதா என்று பாருங்கள். பழைய உரிமையாளரிடம் பல டிரைவ் இருந்து, கண்ட்ரோல் பாத் அவர் கழற்றிக்கொண்டுபோன டிரைவில் அமைந்திருந்தால் உங்களுக்கு சேஞ்சர் தெரியவே தெரியாது. அப்புறம், லைப்ரரியை முதலில் ஆன் செய்து, அது எல்லா ஸ்லாட்டையும் எண்ணி முடிக்கும்வரை பொறுத்து, பிறகு சர்வரை ஆன் செய்யுங்கள்.

செந்தூல்_அட்மின்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நெட்வொர்க் வழியாக ஓட்டுவது பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் டேப் வாங்கி ஏமாந்ததாக நினைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள். உங்கள் டிரைவ் நொடிக்கு 300 எம்பி எழுதும். 1 கிகாபிட்டில் நல்லபடி போனாலும் 110 எம்பி சுற்றித்தான் வரும். டேட்டா போதாதபோது டிரைவ் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அதற்கும் கீழே போனால் டேப்பை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓட ஆரம்பிக்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் டேப்பும் தேயும், டிரைவின் ஹெட்டும் (எழுதி வாசிக்கும் பகுதி) தேயும். 12 டிபி டேப் ஒன்று முழு வேகத்தில் சுமார் 11 மணி நேரத்தில் நிரம்பும், நெட்வொர்க் வழியாகப் போனால் 30 மணி நேரம். அதனால் டிரைவை சேமிப்பு சர்வரிலேயே நேராக இணைப்பதுதான் சரி. சின்னச் சின்ன ஃபைல் நிறைய இருந்தால் அங்கேயும் வேகம் விழும், அப்போது ஒரு எஸ்எஸ்டியில் முதலில் தொகுத்து வைத்து அங்கிருந்து டேப்புக்குத் தள்ளுங்கள். வீடியோ பெரிய ஃபைல் என்பதால் உங்களுக்கு அவ்வளவு சிரமம் வராது.

பெட்டியில் 30 டிபி என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள், அது சுருக்கிய கணக்கு. வீடியோ ஏற்கனவே சுருக்கப்பட்டது, இனி சுருங்காது. 80 டிபிக்கு ஏழு டேப், இரண்டு பிரதி என்றால் பதினான்கு.

டார் (ஃபைல்களை ஒரே தொகுப்பாக்கி எழுதும் லினக்ஸ் கட்டளை) வைத்து எழுதப் போகிறீர்கள் என்றால் முக்கியமான ஒன்று. லினக்ஸில் ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு, எஸ்டி0 என்றும் என்எஸ்டி0 என்றும். முதலாவது ஒவ்வொரு வேலை முடிந்ததும் டேப்பைத் தானாக ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும். அதே டேப்பில் அடுத்த டாரை எழுதினால் முந்தையதன் மேலேயே எழுதும், எச்சரிக்கையே வராது. எப்போதும் இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். பிளாக் அளவையும் (ஒரே தடவையில் எழுதும் துண்டின் அளவு) 256 கேபி அல்லது அதற்கு மேல் வையுங்கள், டாரின் வழக்கமான 10 கேபி இந்த டிரைவுக்கு ரொம்பச் சின்னது. எந்த அளவில் எழுதினீர்களோ அதை டேப் பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_எடிட்டர்:

ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். கண்ட்ரோல் பாத் சரியாகத்தான் இருந்தது. எச்பிஏ கார்டும் புதுக் கேபிளும் போட்டதும் சேஞ்சர் உடனே வந்துவிட்டது. ரோபோவை இயக்கும் எம்டிஎக்ஸ் கட்டளையில் 24 ஸ்லாட்டும் காட்டுகிறது, முதல் ஸ்லாட்டில் இருந்து டேப்பை எடுத்து டிரைவில் வைக்கவும் செய்தது. முதல் டேப் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறது, நொடிக்கு 280 எம்பிக்கு மேலே நிற்கிறது.

இனி எழுதிய டேப்புகளை எங்கே வைப்பது? லைப்ரரிக்குள்ளேயே விட்டுவிடலாமா?

ஜார்ஜ்டவுன்_ஆவணக்காப்பு:

தம்பி, ஒரு பிரதி உள்ளே இருக்கட்டும், இன்னொன்று கட்டாயம் வெளியே வர வேண்டும். ஸ்லாட்டில் இருக்கும் டேப்பை ரோபோ எந்த நேரமும் எடுத்து டிரைவில் வைக்கும். சர்வருக்குள் நுழைந்தவன் நினைத்தால் அதையும் அழிக்கலாம். அலமாரியில் இருப்பதை அப்படிச் செய்ய முடியாது. எழுதி முடித்ததும் டேப்பின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளி எழுத முடியாதபடி செய்துவிடுங்கள்.

வைக்கும் இடம்தான் நம் ஊரில் பெரிய விஷயம். நீண்ட காலம் வைக்க 16 முதல் 25 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்று சொல்வார்கள். கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும் வெளியே ஈரப்பதம் 80-ஐச் சாதாரணமாகத் தாண்டும். பகலில் ஏசி ஓடி இரவில் அணைத்துவிடும் அறை நல்லதல்ல, தினமும் ஈரம் ஏறி இறங்கும். கேமரா லென்ஸ் வைக்கும் உலர் பெட்டி உங்களிடம் கண்டிப்பாக இருக்கும், அதே மாதிரி பெரியதாக ஒன்று டேப்புக்கு வாங்குங்கள். வேறு இடத்தில் வைத்திருந்த டேப்பைக் கொண்டுவந்த உடனே டிரைவில் போடாதீர்கள், ஒரு நாள் அதே அறையில் கிடக்கட்டும்.

டேப் எழுதும்போதே டிரைவ் பின்னாலேயே வாசித்துச் சரிபார்க்கும், அது டேப்பின் அளவில். ஃபைல் சரியாக இருக்கிறதா என்பது வேறு. அதனால் எழுதுமுன் எல்லா ஃபைலுக்கும் செக்சம் (ஃபைல் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சிறு குறியீடு) எடுத்து வைத்துக்கொண்டு, முதல் டேப்பை முழுக்க வேறு இடத்துக்குத் திரும்ப இறக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் போகும், போகட்டும். அந்தக் கல்யாண வீடியோக்களை இரண்டாவது தடவை எடுக்க முடியாது.

பாயான்_லெப்பாஸ்_வாசி:

ஜார்ஜ்டவுன் அக்கா சொன்னதோடு இன்னும் ஒன்று. எல்டிஓ-8 டேப்பை எல்டிஓ-9 டிரைவ் வாசிக்கும், எல்டிஓ-10 வாசிக்காது. லைப்ரரியை விற்கும் எண்ணம் வந்தாலும் வாசிக்கக்கூடிய டிரைவ் ஒன்று கையில் இருக்கும்வரை விற்காதீர்கள்.

24-வது ஸ்லாட்டில் கிளீனிங் டேப் (டிரைவின் ஹெட்டைச் சுத்தம் செய்யும் டேப்) ஒன்றைப் போட்டு, நிர்வாகப் பக்கத்தில் தானியங்கிச் சுத்தத்தை இயக்கி வையுங்கள். அதன் பார்கோடு சிஎல்என் என்று ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் லைப்ரரி அதைச் சாதாரண டேப் என்று எண்ணும். ஒரு கிளீனிங் டேப் ஏறக்குறைய 50 தடவை வரும்.