மாஸாவுக்குப் பட்டமாம், பிரியாணி யார் கணக்கு?

குழு: ஆத்துத்தோட்டம் குடும்பம்

முருகேசன் சித்தப்பா: (பலமுறை பகிரப்பட்டது) அதிரடி! 2008 ஃபார்முலா 1 கார் பந்தயப் பட்டம் ஃபெராரி டிரைவர் மாஸாவுக்கே! மெக்லாரன் டிரைவர் ஹாமில்டனிடமிருந்து பறிப்பு!!

முருகேசன் சித்தப்பா: செல்வம் மச்சான் எங்கீங்க? அந்த வருசம் நாம கட்டின பந்தயம் ஞாபகம் இருக்குதுங்களா? ஞாயித்துக்கிழமை பிரியாணி உங்க கணக்கு

ரேவதி அக்கா: யார் கணக்கோ. காதுகுத்துக்கு எத்தனை பேருன்னு மாஸ்டர் கேக்கறாரு

கௌதம்: 60?

பெரியம்மா: பொள்ளாச்சிக்காரங்க வந்தா 75

கௌதம்: வருவாங்களா

பெரியம்மா: சொல்லியாச்சு. வர்றது அவங்க இஷ்டம்

செல்வம் மாமா: பொய்ச் செய்தி மச்சான். லண்டன் ஹைகோர்ட்ல மாஸா வழக்குப் போட்டிருக்கறது மட்டும் நெசம். நஷ்டஈடு கேக்கறது சுமார் 6.4 கோடி பவுண்டு. 2025 நவம்பர்ல ஜட்ஜ் அதுல ஒரு பகுதியை விசாரணைக்கு விட்டாரு, ஆனா 2008 முடிவைத் திருத்தி எழுத முடியாதுன்னுட்டாரு. ஹாமில்டன் 98 புள்ளி, மாஸா 97. அது அப்படியேதான்.

முருகேசன் சித்தப்பா: சிங்கப்பூர் ரேஸே ஃபிராடு. அலோன்சோ ஜெயிக்கறதுக்காக ரெனோ டீம்காரன் அவனோட இன்னொரு டிரைவர் பிக்கேவை செவுத்துல மோத விட்டான். அந்த ரேஸைக் கழிங்க. ஹாமில்டனுக்கு 6 போயி 92. மாஸாவுக்கு அதே 97

கௌதம்: கணக்கு சரிதானே மாமா

செல்வம் மாமா: மோதுனது ஃபிராடுதான், யாரு இல்லைன்னா? ஆனா மாஸா புள்ளி போனது செவுத்தால இல்ல, பெட்ரோல் ஹோஸால. முழுசாப் படிங்க. பிக்கே மோதி, எல்லாரையும் மெதுவாக்கற சேஃப்டி கார் வந்துச்சு. அப்ப இருந்த ரூல்படி வண்டியெல்லாம் வரிசையா சேர்ற வரைக்கும் டயர் மாத்தி பெட்ரோல் ஊத்தற பிட் மூடியிருக்கும். தொறந்ததும் மொத்தமா உள்ள வந்தாங்க. மாஸா முன்னாடி, அவருக்குப் பின்னாலயே ஃபெராரியோட இன்னொரு டிரைவர் ரைக்கோனன் காத்துக்கிட்டு நிக்கறாரு. மத்த டீம்ல வண்டிக்கு முன்னால ஒருத்தர் லாலிபாப் கம்பு புடிச்சு நிப்பாரு. நாலு டயரும் மாட்டி, பெட்ரோல் நாசில் கழண்டு, பக்கத்துல வண்டி வரலைன்னு கண்ணால பார்த்துட்டுத்தான் தூக்குவாரு. ஃபெராரி அதுக்குப் பதிலா விளக்கு வெச்சிருந்தாங்க. ஆட்டோமேட்டிக்ல விட்டா நாசில் கழண்டாத்தான் பச்சை எரியும். அன்னிக்கு நெரிசல்னு கையால இயக்கினாங்க. நாசில் வண்டியிலயே இருக்குது, ஆளு பட்டனை அமுக்கிட்டாரு.

ஹரிணி: அய்யோ

செல்வம் மாமா: பச்சையைப் பார்த்து மாஸா கெளம்பிட்டாரு. ஹோஸ் பிச்சுக்கிட்டு வண்டி பின்னாலயே போச்சு. பிட் கடைசியில நிறுத்தி, மெக்கானிக்குங்க அங்க வரைக்கும் ஓடிப்போயி உருவினாங்க. அதுபோக சூட்டில்ங்கற டிரைவரோட வண்டிக்குக் குறுக்கால விட்டதுக்கு டிரைவ்-த்ரூ தண்டனை, அதாவது நிக்காம பிட் வழியா மெதுவாப் போயிட்டு வரணும். 13வது இடம். பூஜ்யம்.

ஹரிணி: பெட்ரோல் கொட்டலையா?

செல்வம் மாமா: கொட்டுச்சு. விநாடிக்கு 12 லிட்டர் எறக்கற மெஷின்ம்மா. தீப்பிடிக்காம விட்டதே பெருசு. 2010ல ரேஸ் நடுவுல பெட்ரோல் ஊத்தறதையே தடை பண்ணிட்டாங்க.

பெரியம்மா: ஹோஸ்னதும் ஞாபகம் வருது. தோட்டத்து மோட்டார் ஹோஸை வாங்கிட்டுப் போனவங்க இன்னும் குடுக்கல

முருகேசன் சித்தப்பா: அண்ணி அதை அப்புறம் பேசலாம்

பெரியம்மா: நான் யாரு பேரும் சொல்லலியே

முருகேசன் சித்தப்பா: மச்சான், செவுத்துல மோதலைன்னா அந்த நெரிசல் ஏது? நெரிசல் இல்லைன்னா பட்டனை ஏன் கையால அமுக்கறான்?

கௌதம்: இது பாயிண்டு

செல்வம் மாமா: நெரிசல் எல்லாருக்கும்தான். ஹோஸோட போனது உங்க ஆளு ஒருத்தருதான். சரி, அதையும் விடுங்க. ஹங்கேரில 3 லேப் மிச்சம், மாஸா முதல்ல போறாரு, இன்ஜின் போச்சு. 10 புள்ளி போச்சு. இன்ஜினுக்குள்ள இருக்கற கனெக்டிங் ராடு போச்சு. அடுத்த ரேஸ் வாலென்சியாவுலயும் அதே ராடு, ரைக்கோனன் வண்டி. அதுக்கும் பிக்கேதான் காரணமா? சில்வர்ஸ்டோன் மழையில அஞ்சு தடவை சுத்தினாரே, அது?

முருகேசன் சித்தப்பா: உங்க ஆளு கனடாவுல பிட்டை விட்டு வெளிய போற வாசல்ல சிவப்பு விளக்குல நின்ன ரைக்கோனன் மேல கொண்டுபோயி ஏத்தினாரே

செல்வம் மாமா: ஏத்தினாரு. ஒத்துக்கறேன். அதுக்கு அடுத்த ரேஸ்ல 10 இடம் பின்னால போனாரு. பெல்ஜியம் ஸ்பா ரேஸ்ல மட்டும் 25 விநாடி சேர்த்து அவரை மூணாமிடத்துக்குத் தள்ளி மாஸாவுக்கு ஜெயிப்பு குடுத்தாங்க. ஹாமில்டனுக்கு 4 கொறஞ்சு மாஸாவுக்கு 2 கூடுச்சு. மாஸாவுக்குப் பட்டம் போனது 1 புள்ளியில. யாருக்கு உதவி செஞ்சாங்கன்னு நீங்களே பாத்துக்கோங்க

முருகேசன் சித்தப்பா: 2007ல ஃபெராரியோட ரகசிய ஆவணம் 780 பக்கத்தை வெச்சிருந்து 10 கோடி டாலர் ஃபைன் கட்டின மெக்லாரன் டீமுக்கு வக்கீலு!

கௌதம்: 🔥ன்னு போடலாமா

ரேவதி அக்கா: மட்டன் 10 கிலோ, சீரக சம்பா 7 கிலோ. சரியா?

பெரியம்மா: பொள்ளாச்சி?

முருகேசன் சித்தப்பா: பிரேசில்ல கடைசி வளைவுக்கு முன்னால டொயோட்டா டிரைவர் குளோக் ஹாமில்டனுக்கு வழிவிட்டானே, அதையும் சொல்லுங்க

செல்வம் மாமா: வழி விடல. மழை வந்ததும் முன்னணியில இருந்தவங்க ஈரத்துக்கான இன்டர்மீடியட் டயர் மாத்தினாங்க. டொயோட்டா ரெண்டு வண்டியும் மாத்தாம காஞ்ச டயர்லயே நின்னுச்சு. கடைசி லேப்ல மழை வலுத்துடுச்சு. டயர்ல சூடு இல்ல, புடி இல்ல. டொயோட்டாவோட இன்னொரு டிரைவர் ட்ருல்லியும் அந்த லேப்ல அதே மாதிரி ஊர்ந்துதான் வந்தாரு. ட்ருல்லியும் காசு வாங்கினாரா? பட்டத்துக்கு ஹாமில்டனுக்கு அஞ்சாமிடம் போதும், கெடைச்சுது. டீம் கோப்பை உங்க ஃபெராரிக்குத்தானே, 172க்கு 151. அதைச் சொல்லவே மாட்டீங்க

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஹரிணி: சித்தப்பா என்ன போட்டீங்க

ரேவதி அக்கா: மாஸ்டருக்கு அட்வான்ஸ் 5000 நான் அனுப்பிட்டேன். மீதி ரெண்டு பேரும் பேசி முடிங்க

செல்வம் மாமா: பாதி நான் தர்றேன். தோத்து இல்ல, மருமகனுக்காக

முருகேசன் சித்தப்பா: பாதியெல்லாம் வேண்டாம். ஜப்பான் ஃபூஜி ரேஸைப் பேசிட்டு முடிவு பண்ணலாம். முதல் வளைவுல உங்க ஆளு யாரை வெளியே தள்ளினாரு?

செல்வம் மாமா: ரெண்டாவது லேப்ல உங்க ஆளு யாரை இடிச்சு சுத்த விட்டாரு? ஹாமில்டன், மாஸா ரெண்டு பேருக்கும் டிரைவ்-த்ரூ. போர்டேங்கற டிரைவருக்கு ரேஸ் முடிஞ்சப்புறம் 25 விநாடி போட்டு மாஸாவுக்கு 1 புள்ளி சேர்த்துக் குடுத்தாங்களே, அது எந்தக் கணக்கு?

கௌதம்: இருங்க, வீடியோ தேடறேன்