லேன் கேபிளில் இரண்டு கணினியை இணைத்தேன், ஃபோல்டர் திறக்கவில்லை. உதவுங்கள்!

வணக்கம் நண்பர்களே. பாம்பனிலிருந்து எழுதுகிறேன். பழைய டெஸ்க்டாப்பில் (விண்டோஸ் 7) தங்கச்சி கல்யாண வீடியோ, படங்கள் எல்லாம் சேர்த்து 300 ஜிபி இருக்கும். அதைப் புது லேப்டாப்புக்கு (விண்டோஸ் 11) மாற்ற வேண்டும். இருக்கிற பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட். 4 ஜிபிக்கு மேல் உள்ள ஃபைல் அதில் ஏறாது. வீட்டில் ரூட்டரும் இல்லை.

அதனால் நேராக ஒரு லேன் கேபிள் போட்டேன். கிராஸ்ஓவர் கேபிள்தான் (ஒரு முனையில் ஒயர் வரிசை மாறியிருப்பது) வேண்டும் என்றார் கடைக்காரர். ஆனால் லேப்டாப்பில் இருப்பது ஒயர் வரிசையைத் தானே சரிசெய்துகொள்ளும் கிகாபிட் போர்ட் என்பதால் சாதாரண கேபிளுக்கே விளக்கு எரிகிறது. இரண்டுக்கும் கொடுத்த ஐபி (நெட்வொர்க் முகவரி) 192.168.10.1, 192.168.10.2, சப்நெட் 255.255.255.0, கேட்வே காலி. பிங் போகிறது, அதாவது ஒன்று கூப்பிட்டால் மற்றது பதில் தருகிறது. ஆனால் ஷேர் செய்த ஃபோல்டரைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கிறது. டெஸ்க்டாப்புக்குப் பாஸ்வேர்டே கிடையாது! பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் விடாது என்று படித்தேன். அப்படியானால் டெஸ்க்டாப்பில் ஒரு பாஸ்வேர்ட் வைத்தால் போதுமா, வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

இன்னொன்று. டெஸ்க்டாப் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பின்களில் பச்சையாகப் பூத்திருக்கிறது. உப்புக்காற்று, வேறென்ன. கேபிளை லேசாக அசைத்தாலே இணைப்பு விட்டுவிடுகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கலாமா? மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

வேகம் 100 எம்பிபிஎஸ்தான் காட்டுகிறது. எப்படியும் ஏழு மணி நேரம் ஓடும், நடுவில் கரண்ட் வேறு போகும். ரோபோகாப்பியில் (விண்டோஸிலேயே இருக்கும் காப்பி கட்டளை) விட்ட இடத்திலிருந்து தொடர என்ன கட்டளை கொடுப்பது?