சோறு எங்கிருந்து வருகிறது? மிகுபுனைவு இனங்களைப் படைப்போர் அனுபவப் பகிர்வு

வடகாற்று:

மிகுபுனைவு (ஃபேன்டசி) வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புது இனத்தின் காது, கண் நிறம், வாள், குலச்சின்னம் எல்லாம் முதல் பக்கத்திலேயே தயாராக இருக்கும். அவர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள், அது யார் வயலில் விளைந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதில் இல்லாத இனத்தின் திருவிழாவும் கல்யாணமும் போரும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. வரைவுகளில் நீங்கள் எதிர்கொண்ட சிக்கல்களையும் சரிசெய்யும் வழிகளையும் இங்கே எழுதுங்கள்.

முதல் கணக்கை நானே வைக்கிறேன். தானியம் உண்ணும் மக்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 200 கிலோ வேண்டும். ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு 200 டன். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு படி கோதுமை விதைத்தால் நான்கு படி திரும்பி வருவதே சாதாரணம். அதிலும் ஒரு படி மறுவிதைப்புக்குப் போய்விடும். நெல்லில் விதைத்ததற்குப் பல மடங்கு கிடைக்கும், ஆனால் தண்ணீர் வேண்டும். தண்ணீர் என்றதுமே மடையை யார் திறப்பது என்ற கேள்வி வந்துவிடும். நம் ஏரிப்பாசன ஊர்கள் பலவற்றில் அந்த வேலை 'நீர்க்கட்டி' எனப்படும் நிலமில்லாத ஊர்ப் பணியாளரிடம் இருந்தது. தன் வயலுக்கு முதலில் திருப்பிக்கொண்டார் என்ற புகாருக்கே அங்கே இடமில்லை. இப்படி ஒருவரை உங்கள் இனத்துக்குள் வைத்துப் பாருங்கள். சொத்து கிடையாது, ஆனால் வறட்சி ஆண்டில் ஊரே அவர் முகத்தைப் பார்த்து நிற்கும். அரசனையும் மந்திரவாதியையும் விட அவரிடம்தான் கதை அதிகம் என்பேன்.

கருவேலம்:

ஓர் இனத்தைத் தனியாகப் படைத்தால் அது நிற்காது. அண்டை வீட்டாரோடு சேர்த்துப் படைக்க வேண்டும். இதற்கு நீலகிரியைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. தோடர்கள் எருமை வளர்த்தார்கள், நெய் கொடுத்தார்கள். படகர்கள் பயிர் செய்து தானியம் கொடுத்தார்கள். கோத்தர்கள் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்தார்கள், மற்றவர்களின் சாவுக்கும் சடங்குக்கும் இசைத்தார்கள். குறும்பர்கள் காட்டிலிருந்து தேனும் பிற பொருட்களும் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய மந்திரத்தைக் கண்டு மற்றவர்களுக்குப் பயமும் இருந்தது, காவலுக்கு அவர்களையே நாடும் தேவையும் இருந்தது. ஒரே மலை, நான்கு மொழிகள், நான்கு வாழ்க்கை முறைகள். ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் ஒரு சாவுச் சடங்கைக்கூட முறையாக முடிக்க முடியாது.

உங்கள் உலகத்தில் நான்கு இனங்கள் இருந்தால் 'யார் யாருக்கு என்ன தருகிறார்' என்று எழுத 12 கட்டங்கள் வரும். பன்னிரண்டையும் நிரப்பாதீர்கள். இரண்டு மூன்று கட்டங்கள் காலியாக இருக்கட்டும். அந்த இரு இனங்களுக்கு இடையே பேச்சு எப்போதும் மூன்றாமவர் வழியாகத்தான் நடக்கும், அங்கே தரகர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் ஒற்றர்களும் முளைப்பார்கள். அடுத்து ஒரு கட்டத்தை உடையுங்கள். நீலகிரியில் கடைத்தெருப் பாத்திரமும் கருவியும் வந்த பிறகு, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தப் பிணைப்பு தளர்ந்துபோனது. அதற்குப் போரே தேவைப்படவில்லை. நாவலுக்கு வேண்டிய நெருக்கடி அதிலேயே இருக்கிறது.

நள்ளிரவு ஆந்தை:

நீண்ட ஆயுள் கொண்ட இனம்தான் அதிகமாகச் சறுக்கும் இடம். 500 வயது என்று எழுதிவிட்டு, மனிதர்களைப் போலவே பிள்ளை பெற்று, மனிதர்களைப் போலவே குதிரை ஓட்டி, வாள் சண்டை போட விடுவார்கள். கணக்குப் பாருங்கள்.

200 ஆண்டுகள் கருத்தரிக்கும் பருவம், நான்கு ஆண்டுக்கொரு பிள்ளை என்றால் ஒரு தாய்க்கு 50 பிள்ளைகள். சில தலைமுறைகளில் உலகமே அவர்களுடையதாகிவிடும். ஆகவே பிறப்பை ஏதோ ஒன்று தடுக்க வேண்டும்: உடலோ, சட்டமோ, உணவோ. எது என்பதைக் கதாசிரியர் முடிவு செய்தே ஆக வேண்டும்.

அடுத்தது விபத்து. மூப்பே இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஆயிரத்தில் 5 பேர் விபத்திலோ நோயிலோ இறந்தால் 500 வயதைத் தொடுபவர் நூற்றுக்கு 8 பேர்தான். ஆயிரத்தில் ஒருவர் என்று குறைத்தால்தான் நூற்றுக்கு 60 பேர் தேறுவார்கள். அந்த அளவுக்குப் பாதுகாப்பாக வாழும் மக்கள் படகில் ஏற யோசிப்பார்கள், படிக்கட்டுக்குக் கைப்பிடி வைக்காதவனைக் குற்றவாளியாகப் பார்ப்பார்கள், அவசரத்தை அவமானமாக நினைப்பார்கள். 'நிதானமான, கம்பீரமான இனம்' என்று வர்ணிக்க வேண்டியதே இல்லை, இந்தப் பழக்கங்கள் அதைச் சொல்லிவிடும்.

வட்டியையும் மறக்க வேண்டாம். 100 பொன்னை 2 சதவீதக் கூட்டு வட்டிக்கு விட்டால் 300 ஆண்டுகளில் சுமார் 38,000 பொன். கடன் கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், கடன் வாங்கியவரின் பத்தாம் தலைமுறை கட்டிக்கொண்டிருக்கிறது. குறைந்த ஆயுள் உள்ள அண்டை இனம் இதை எத்தனை நாள் பொறுக்கும்? அதனால் வட்டித் தடைச் சட்டமோ, ஒப்பந்தம் எழுதியவர் இறந்தால் கடனும் இறந்துவிடும் என்ற வழக்கமோ எங்காவது வரும். இரு இனங்களுக்கும் பகை ஏன் என்பதற்கு ஆயிரம் ஆண்டுப் பழைய சாபத்தைத் தேடவே வேண்டாம்.

தூரிகை:

நிலத்தடி இனம் எழுதுபவர்களுக்கு. காளான் வளர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதினால் போதாது. காளானுக்கு மட்கும் பொருள் வேண்டும்: மரம், வைக்கோல், சாணம். அது வெயில் படும் இடத்திலிருந்துதான் வர வேண்டும். இரும்பு உருக்குவதானால் இன்னும் சிக்கல். பழைய முறை உலையில் ஒரு கிலோ இரும்புக்கு 10 கிலோ அளவுக்குக் கரி பிடிக்கும், ஒரு கிலோ கரிக்கு 5 கிலோ விறகு. அதாவது ஒரு கிலோ இரும்புக்கு 50 கிலோ விறகு! குகைக்குள் இருக்கும் அந்தக் கொல்லர் இனத்தின் குடுமி மேலே காடு வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. புகை போகும் வழியையும் வரைபடத்தில் போடுங்கள். முற்றுகையிட வரும் எதிரி வாசலைவிட அதைத்தான் தேடுவான்.

உப்புக்கும் இதே கதைதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 30 லிட்டர் வற்ற வேண்டும். நீண்ட வெயில் காலம் இருந்தால் பாத்தி கட்டி விளைவிக்கலாம். வருடம் முழுக்க மழை பெய்யும் கரை என்றால் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும், மறுபடியும் விறகு.

கேள்வி: சிறகுள்ள மனிதர்கள் சாத்தியமா? என் வரைபடத்தில் ஒரு செங்குத்துப் பாறைக் கரை சும்மா கிடக்கிறது.

நள்ளிரவு ஆந்தை:

மந்திரம் இல்லாமல் கிட்டத்தட்ட முடியும், விலை கொடுத்தால். தென் அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்த ஆர்ஜெண்டாவிஸ் என்ற பறவை சுமார் 70 கிலோ, இறக்கை விரிப்பு 6 முதல் 7 மீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். அது பெரும்பாலும் மிதந்து பறந்தது, சரிவும் எதிர்க்காற்றும் இருந்தால்தான் எழும்பியிருக்கும். உங்கள் மக்களையும் அப்படியே வையுங்கள். உடல் ஒல்லி, எலும்பு லேசு, கைச்சண்டையில் பலவீனம். சமதரையில் இறங்கினால் திரும்ப எழும்ப முடியாது, அதனால் சமவெளி அவர்களுக்குச் சாவு நிலம். சுமை தூக்க முடியாது. விறகும் தானியமும் கீழே இருப்பவர்கள் ஏற்றித் தர வேண்டும். காற்றில்லாத நாளில் யாரும் வெளியே போக முடியாது என்பதால் வழக்கும் பஞ்சாயத்தும் கல்யாணப் பேச்சும் அன்றைக்குத்தான்.

வடகாற்று:

தொல்காப்பியம் கருப்பொருள் என்று வரிசைப்படுத்துவதை ஒரு படிவமாகவே பயன்படுத்தலாம்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். தூரிகை கேட்ட பாறைக் கரை மக்களுக்கு நிரப்பிப் பாருங்கள். பறை என்ற இடத்தில் கை தானாக நிற்கும், ஏனென்றால் தோலுக்கு மாடு வேண்டும், பாறையில் மாடு ஏது? சங்கோ, காற்றில் தானே ஒலிக்கும் துளைக்கழியோ வரும். இப்படிக் கை நிற்கும் இடங்கள்தான் புதிதாக ஏதாவது தரும். படிவத்தில் இல்லாத இரண்டை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்: சொத்து யாருக்கு, பிணத்தை என்ன செய்வது.

பெயர்களுக்கு ஒரு வழி. 12 அல்லது 14 மெய்யொலிகளைத் தேர்ந்து, எது சொல்லின் முதலில் வராது என்று விதி வையுங்கள். தமிழில் ரகரமும் லகரமும் முதலில் வராது என்பதால்தான் ராமன் இராமன் ஆனார், லட்சுமணன் இலக்குவன் ஆனார். உங்கள் இரண்டு இனங்களும் ஒருவர் பெயரை மற்றவர் எப்படித் திரித்துச் சொல்கிறார்கள் என்று பத்துப் பெயர்களுக்கு எழுதி வைத்தால் உரையாடல் உடனே உயிர்பெறும்.

கருவேலம்:

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உண்மையான பழங்குடியின் வழிபாட்டுப் பொருளையும் உடையையும் அப்படியே தூக்கி அரக்கர் இனத்துக்கு மாட்டுவது பல வரைவுகளில் நடக்கிறது. கறுத்த தோல், உடுக்கைச் சத்தம், நரபலி என்று ஒரு மூட்டை. அந்த மக்களின் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள். அலங்காரத்தை எடுக்காதீர்கள், அமைப்பை எடுங்கள். மேகாலயாவின் காசி மக்களிடம் பூர்வீக வீடு கடைசி மகளுக்குப் போகிறது. திபெத்தில் சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் நிலம் துண்டாகாமல் காத்தது. இந்த ஏற்பாடுகளின் காரணத்தைப் புரிந்துகொண்டு உங்கள் நிலத்துக்குப் பொருத்திப் பாருங்கள்.

இனம் முழுவதும் ஒரே குணமாக இருக்கிறதா என்று சோதிக்க, அதே இனத்தில் மூன்று பேரை எடுத்து ஒரே விஷயத்தில் மூன்று விதமாகச் சண்டை போட விடுங்கள். மூவரும் அந்த இனத்துக்குள் நின்றே வாதாட முடிய வேண்டும்.

தூரிகை:

அப்படியானால் பாறைத் திட்டை இரண்டாகப் பங்கு போட முடியாது, எழும்ப இடம் போதாது. கடைசி மகளுக்கு என்று வைக்கிறேன். மூத்தவர்கள்?

கருவேலம்:

வெளியேற வேண்டியதுதான். கீழே உள்ளவர்களுக்குக் கடிதம் கொண்டுபோவதும் காவல் பார்ப்பதும் அவர்கள் பிழைப்பு. கூலியைத் தானியமாக வாங்க முடியாது, தூக்க முடியாதே. ஊசி, மருந்து, சாயம் மாதிரி லேசான பொருளாக வாங்குவார்கள். அந்தக் கூலிப் பட்டியலை முதலில் எழுதிவிடுங்கள், ஊருக்குத் திரும்பி வருபவனின் மதிப்பு அதை வைத்துத்தான் முடிவாகும்.