மறு: 'மூவபிள் டைப்' – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'அசையும் அச்சு' என்றே வைத்துக்கொள்வோமே ஐயா. சொல்லுக்குச் சொல் சரியாகத்தானே இருக்கிறது?

வணக்கம் ஐயா.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 'மூவபிள் டைப்' என்பது, சேர்த்து அடுக்கி அச்சடித்து, பிறகு பிரித்து மறுபடி பயன்படுத்தும் தனித்தனி அச்செழுத்து. தொட்டில் அசையும், கிளை அசையும். அச்சடிக்கும்போது எழுத்து அசைந்தால் பக்கமே பாழ். அது அசையாமல் நிற்கத்தான், இந்த முறையை உருவாக்கிய சீனர் பி ஷெங் அவ்வளவு பாடுபட்டார்.

சீனாவில் சோங் அரசர் காலத்தில், 1041–1048 ஆண்டுகளில் அவர் செய்ததை அக்கால அறிஞர் ஷென் குவோ எழுதிவைத்திருக்கிறார். ஈரக் களிமண்ணில் காசு விளிம்பளவு மெல்லிசாக எழுத்தை வெட்டி, நெருப்பில் சுட்டு இறுக்குவார். இரும்புத் தகட்டில் பைன் பிசின், மெழுகு, காகிதச் சாம்பல் மூன்றையும் பரப்பி, மேலே ஒரு சட்டம் வைத்து அதற்குள் எழுத்துகளை நெருக்கி அடுக்குவார். சூடு காட்டினால் மெழுகு இளகும். சமப்பலகையால் அழுத்தினால் எல்லா எழுத்தும் ஒரே மட்டத்துக்கு வரும். ஆறினால் கல்லாக நிற்கும். வேலை முடிந்ததும் மறுபடி சூடு காட்டிக் கையால் தட்டினால் உதிர்ந்துவிடும். ஒரு தகட்டில் அச்சு ஓடும்போதே இன்னொன்றில் அடுக்கு நடக்கும். அடிக்கடி வரும் எழுத்துக்கு இருபதுக்கு மேல் வைத்திருந்தாராம்.

ஆக, உயிர்நாடி கோப்பதிலும் பிரிப்பதிலும் மறுபடி கோப்பதிலும் இருக்கிறது. 868-இல் அச்சான வைர சூத்திரம் என்ற பௌத்த நூல் பலகை அச்சு, அதாவது முழுப் பக்கத்தையும் ஒரே மரப்பலகையில் செதுக்கி அச்சடித்தது. ஒரு நூலுக்குச் செதுக்கிய பலகை இன்னொரு நூலுக்கு உதவாது. இந்த வேறுபாட்டை நம் சொல் காட்ட வேண்டும்.

சீனர்கள் 'ஹுவோ ட்ஸு' என்கிறார்கள், அதாவது உயிருள்ள எழுத்து. என்ன அழகான சொல்! ஆனால் தமிழில் 'உயிரெழுத்து' என்ற இடம் தொல்காப்பியர் காலத்திலேயே நிரம்பிவிட்டது.

என் பரிந்துரை: கோப்பெழுத்து. 'அச்சுக் கோத்தல்' நம் அச்சுக்கூடங்களில் புழங்கிய சொல்தானே.

> கோப்பு என்றால் இன்று ஃபைல். கணினிக் கட்டுரைகளில் குழப்பம் வரும். 'சுடுமண் எழுத்து' தெளிவாக இருக்கும்.

குழப்பம் வரலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஃபைலுக்கு வைத்த கோப்பும் 'கோ' என்ற வினையில் பிறந்ததுதான் என்றாலும், படிப்பவர் வேர் பார்த்துப் படிப்பதில்லை. ஆனால் 'எழுத்து' உடன் வருவதால் பொருள் பிடிபட்டுவிடும் என்று நம்புகிறேன்.

'சுடுமண் எழுத்து' பி ஷெங்கோடு நின்றுவிடும். 1298 வாக்கில் வாங் சென் என்ற சீன அதிகாரி அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட மர எழுத்துகளைச் செதுக்கவைத்து, ஒரு வட்டாரத்தின் வரலாற்று நூலை ஒரு மாதத்துக்குள் நூறு படிகள் அச்சிட்டார். மெழுகே இல்லை, மூங்கில் சிம்புகளைச் செருகி எழுத்தை இறுக்கினார். மண்ணானாலும் மரமானாலும் உலோகமானாலும் 'கோப்பெழுத்து' பொருந்தும். அதற்கு இணையாக மற்றதைப் 'பலகை அச்சு' எனலாம்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அச்சான பிறகு எழுத்துகளைக் கலைத்து அவற்றின் அறைகளில் திரும்பப் போடும் வேலைக்கு என்ன பெயர்? குழுவில் பழைய அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்தால், அங்கே வாயில் வழங்கிய சொல்லை எழுதுங்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.