மச்சமா, மறுவா? துண்டறிக்கைக்கு அவசரமாக ஒரு சொல்

பட்டர்வொர்த்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தைப்பூசத்தை ஒட்டிப் பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் நண்பர்கள் ஓர் இலவச மருத்துவ முகாம் போடுகிறார்கள். துண்டறிக்கையின் தமிழ்ப்பகுதி என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

உடம்பிலுள்ள மச்சங்களை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்து, தோல் புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்கும் சோதனை. 'மச்சப் பரிசோதனை' என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். "யாரு வர்றா, கைரேகை பார்க்கிறவரா?" என்று கேட்டுவிட்டார். மச்சக்காரன் என்றாலே அதிர்ஷ்டக்காரன்தானே. வேறு சொல் உண்டா?

கிள்ளானிலிருந்து:

தம்பி, மச்சம் வடசொல். மீன் என்று பொருள். நம்மிடம் 'மறு' இருக்கிறது. "மதிக்கண் மறுப்போல் உயர்ந்து" (குறள் 957), "மறுவுண்டோ மாதர் முகத்து" (1117) என்று வள்ளுவரே இரண்டு இடத்தில் ஆண்ட சொல். 'மறுச்சோதனை' என்று போடுங்கள். வல்லின றகரம், கவனம். இடையின ரகரம் போட்டால் 'மரு' ஆகி, கழுத்தில் தொங்குகிற பாலுண்ணியாகிவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:

ஐயா சொல்லும் மீன் எங்கள் வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாத்தா காலம்தொட்டு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் 'மச்சம் இல்லை'. என் பாட்டி மச்சப் பரிசோதனை என்று படித்திருந்தால் கறிச்சட்டியைத் திறந்து பார்க்க ஆள் வருவதாக நினைத்திருப்பார்.

ஆனால் 'மறுச்சோதனை'யில் ஒரு ச் விழுந்தால் 'மறுசோதனை'. இரத்தத்தை இன்னொரு முறை எடுப்பார்கள் என்று பாதிப்பேர் ஓடிவிடுவார்கள். 'மறு ஆய்வு' என்றாலோ நீதிமன்ற வாடை.

கிள்ளானிலிருந்து:

அந்த ஒரு ச்தான் ஐயா இலக்கணம்! தெருக்கூத்து, பொதுச்செயலாளர் போல முற்றியலுகரத்தின்பின் வலி மிகும். மறுபிறவி, மறுபக்கம் ஆகியவற்றில் மிகாது. இந்த வேறுபாடு தெரியாத அளவுக்கா நம் மக்களைப் பள்ளிகளில் வளர்த்தோம்? முப்பது ஆண்டு சுண்ணக்கட்டி பிடித்த கை கேட்கிறது.

ஈப்போவிலிருந்து:

மச்சம் வடசொல் என்று யார் சொன்னது? மை, மயல், மழை, மாசு எல்லாம் கருமைப்பொருள் வேரில் கிளைத்தவை. மை > மைச்சு > மச்சு > மச்சம். மீன் மச்சம் வேறு, மேனி மச்சம் வேறு. இதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுவோர் கேட்கலாம். சங்கப் புலவர்கள் தோற்புள்ளிகளைச் சுணங்கு, தித்தி, திதலை என்று நுணுகிப் பார்த்தவர்கள். 'திதலைநோக்கு' என்று ஆக்கினால் என்ன?

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:

நாற்பது பக்கத்தை இங்கே அனுப்பிவிடாதீர்கள். திதலை தலைவியின் அழகைச் சொல்ல வந்தது. அதைப் புற்றுநோய்க்கு எழுதிவைக்க எனக்கு மனமில்லை. யாராவது 'கரும்புள்ளி'க்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: அது மூக்கில் பிதுக்குவது. இல்லாவிட்டால் செம்புள்ளியோடு சேர்த்துக் கழுதைமேல் ஏற்றுவது.

ஜார்ஜ்டவுனிலிருந்து:

நான் தாதி. இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மலாயில் மச்சத்துக்குத் 'தாஹி லாலாட்', அதாவது ஈ எச்சம். அதன் வேரை யாரும் தோண்டுவதில்லை, வந்து காட்டிவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கறுப்பருக்கும் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால் வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில்தான் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. யாரும் பார்க்காததால் முற்றிய பிறகே தெரிகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில்தான் இருந்தது. 1981இல் 36 வயதில் இறந்தார். இப்போது சொல்லுங்கள், உள்ளங்காலில் இருப்பதை நம்மில் யார் மச்சம் என்கிறோம்? 'கறை' என்போம், 'எங்கேயோ இடிச்சிக்கிட்டேன், ரத்தம் கட்டியிருக்கு' என்போம். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்தால் அதற்குப் பெயரே இல்லை. நீங்கள் மறு என்றாலும் மச்சம் என்றாலும் அந்த ஆள் வரமாட்டார். காவடிக்குப் பின்னால் வெறுங்காலோடு நடக்கிற கூட்டத்திடம் பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லாமல் என்ன துண்டறிக்கை?

பிறையிலிருந்து:

தாதி அம்மா சொன்னது நியாயம். கூடவே ஒரு சின்ன வேலை செய்தேன். 1985இல் நியூயார்க் மருத்துவர்கள் ஆபத்தான மச்சத்துக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு அடையாளம் வகுத்தார்கள், 2004இல் ஈ சேர்ந்தது. நமக்கு ஐந்து குறில் இருக்கின்றனவே!

அ: அளவு. 6 மில்லிமீட்டருக்கு மேல், பென்சில் முனை அழிப்பான் அகலம்.
இ: இருநிறம், அல்லது அதற்கும் மேல்.
உ: உருமாற்றம்.
எ: எல்லை கிழிந்த தாள்போல் இருப்பது.
ஒ: ஒவ்வாமை. நடுவே கோடு கிழித்தால் இரு பாதியும் ஒத்துவராது.

படிவம் ஒன்று (இடைநிலைப்பள்ளி முதலாண்டு) மாணவர்களிடம் சொன்னேன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:

அருமை ஆசிரியரே. ஆனால் ஒவ்வாமை என்றால் றால் சாப்பிட்டுத் தடித்ததென்று வருவார்கள். 'ஒப்பின்மை' ஆக்குங்கள். உள்ளங்காலுக்கும் நகத்துக்கும் இந்த ஐந்தும் அப்படியே பொருந்தாது, அதைத் தனி வரியாகப் போடவேண்டும். முகாமில் மருத்துவர் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் விளக்கு வைத்த தோல்நோக்கியால் பார்ப்பார். சந்தேகம் இருந்தால்தான் வெட்டியெடுத்துத் திசு ஆய்வு.

கிள்ளானிலிருந்து:

குறில் ஐந்தும் மருத்துவத்துக்கு வந்ததில் மகிழ்ச்சி. தொல்காப்பியர் அவற்றை "ஓரளபு இசைக்கும்" என்றார். ஓரளபு என்றால் ஒரு மாத்திரை. மருந்தும் உள்ளேயே இருக்கிறது பாருங்கள்! 'தோல்நோக்கி' நல்ல சொல். ஆனால் மறுவை நான் விடவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து:

வியாழன் இரவு பதினொன்றரை. தோல்நோக்கியை மட்டும் யாரும் எதிர்க்கவில்லை, அதுவே இந்த வாரத்தின் அறுவடை. மற்றதற்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கைதூக்கச் சொன்னேன்: மச்சத்துக்கு ஆறு பேர், மறுவுக்கு இருவர், 'எதையாவது போட்டுத் தொலை' என்று நால்வர். தலைப்பு 'மச்சப் பரிசோதனை'. அடியில் பெரிய எழுத்தில் 'உள்ளங்காலையும் நகத்தையும் காட்டுங்கள்'. ஜோசியம் இல்லை என்று எழுதவேண்டுமா என்று அம்மா கேட்கிறார். எழுதவில்லை.

கிள்ளானிலிருந்து:

நீங்கள் இணைத்த அச்சுப்படியைப் பார்த்தேன். 'மச்ச பரிசோதனை' என்றிருக்கிறது. ப் எங்கே?